பால் பல்லுக்குக் காவல்

ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடுவார்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்தால் முதுகில் ஒன்று விழும். தினமும் காலையில், பள்ளிக்கூடப் பையை மாட்டுவதற்கு முன்னால், மகளை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி "ஆ காட்டு" என்பேன். மேல் வரிசையில் வலதுபக்கக் கோரைப்பல். அதைத் தொட்டும் தொடாமலும் விரல் நுனியால் பார்ப்பேன். நேற்றைக்கு இன்று அதிகமாக ஆடுகிறதா, இல்லை என் விரல்தான் ஆடுகிறதா என்று தெரியாது. வாயைத் திறந்தபடியே அவள் பேசிக்கொண்டிருப்பாள். யார் யாரோடு காய் விட்டாள், எந்த டீச்சருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, எல்லாச் செய்தியும் என் விரலைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும். அவளுக்கு அவள் அப்பா வைத்த பெயர் ரேடியோ. குரல் கொஞ்சம் மூக்கால் வரும். "ஸ்டேஷன் லேசா இரையுது, ஆனா புரோகிராம் நல்ல புரோகிராம்" என்பார் அவர்.

கடித்துத் தின்கிற எதையும் நான் வாங்குவதில்லை. ஆப்பிளைக்கூடச் சீவி, மெல்லியதாக அரிந்து, இடதுபக்கமாக மென்னு என்று தலைமாட்டில் நின்று சொல்வேன். பென்சிலை வாயில் வைத்தால் பிடுங்குவேன். தூங்கும்போது கவிழ்ந்து படுத்தால் புரட்டிவிடுவேன். கண்கொத்திப் பாம்பு மாதிரி ஒரு பல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு எழுதியிருந்தது. வேலைக்குப் போகிற இடத்தில் சொன்னால் சிரித்தார்கள். நான் துணி ஆல்டரேஷன் கடையில் தைக்கிறேன். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது. பக்கத்து மிஷின்காரி, "விழுற பல்லை விழாமப் பார்த்துக்கற வேலையும் உனக்குத்தானா?" என்று கேட்டாள். எனக்குத்தான். எல்லாமே எனக்குத்தான்.

ரேடியோ உதடு ஒட்டாமல் பிறந்தவள். இடதுபக்கம் உதட்டிலிருந்து உள்ளே மேலண்ணம் வரைக்கும் ஒரே பிளவு. கழுத்து நிற்கிற வயசில் உதட்டைத் தைத்தார்கள். பிறகு அண்ணத்தை. பிறகு அண்ணத்தில் பிரிந்த இடத்தை மறுபடியும். உதட்டில் இப்போது ஒரு கோடுதான் தெரியும். நான் போடுகிற மறைதையலைவிட நல்ல தையல், சும்மா சொல்லக் கூடாது. பாக்கி இருந்தது ஈறுக்குள் இருக்கும் எலும்பு. அந்த இடத்தில் எலும்பே இல்லை, ஒரு ஓட்டை. மேலே இருந்து ஒரு நிரந்தரப் பல் அந்த ஓட்டையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்குவதற்குள் அங்கே எலும்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல்லுக்கு நிற்க இடம் கிடையாது, பக்கத்துப் பற்களும் சாய்ந்துவிடும் என்று பல் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

வழக்கமான வழி, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து இங்கே அடைப்பது. அதை நாங்கள் முன்பே பார்த்திருந்தோம். போன தடவை ரேடியோவுக்கு அண்ணத்தில் தைத்தபோது அடுத்த கட்டிலில் இருந்த பிள்ளைக்கு அதைச் செய்திருந்தார்கள். அந்தப் பிள்ளை வாயைப் பற்றி மூச்சு விடவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அழுதது. சுவரைப் பிடித்து ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து கழிவறைக்குப் போனது. ரேடியோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக வேண்டாம் என்றாள். அந்த ஆபரேஷனுக்குக்கூடப் பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளாகவே உள்ளே போனவள். "வாயில என்ன வேணா பண்ணிக்கங்க. இடுப்புல மட்டும் வேண்டாம்ப்பா" என்று அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இவர் உடனே, "உன் இடுப்புல யாரையும் கை வைக்க விட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். யாரைக் கேட்டுக் கொடுத்தார் என்று எனக்குக் கோபம். ஆனால் அவள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த வாக்கைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு வழியைப் பல் டாக்டரே சொன்னார். பால் பல்லுக்குள்ளே துளியூண்டு சதை இருக்குமாம். அதில் ஸ்டெம் செல் என்று ஒரு வகை. எதுவாகவும் ஆகாமல், என்ன ஆகச் சொன்னாலும் ஆகத் தயாராக இருக்கிற செல். அதை எடுத்துத் தட்டில் வளர்த்துப் பெருக்கி, எலும்பாக மாறுகிற மருந்தைக் கொடுத்து, கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான ஒரு துண்டில் ஏற்றி ஈறுக்குள் வைத்தால் அங்கேயே எலும்பு கட்டும். "இது இன்னும் ஆராய்ச்சிதான். நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா இடுப்பைத் தொட வேண்டியதில்ல" என்றார். இவர் மற்றதைக் கேட்டாரோ என்னவோ, கடைசி வார்த்தையைக் கேட்டுக்கொண்டார்.

செல் வளர்க்கிற அறையை எங்களுக்குக் காட்டியது அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண். தலையில் தொப்பி, முகத்தில் துணி, கண் மட்டும் தெரியும். தூக்கம் போதாத கண். "இதுங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நான்தான் சாப்பாடு போடணும், ஞாயித்துக்கிழமைனாலும் லீவு கிடையாது" என்று ரோஸ் நிறத் தண்ணீரைக் காட்டினாள். ரேடியோ அவளுக்குச் சோறு அக்கா என்று அந்த இடத்திலேயே பெயர் வைத்துவிட்டாள். வளரப்போகிற செல்களுக்கு, "என் பிள்ளைங்க". எனக்கு இருக்கிற வேலை போதாதென்று இப்போது பேரப்பிள்ளைகள் வேறு.

இவர் அந்த அறையில் எதையும் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு அப்படித்தான். டாக்டர் பேசினால் தலையாட்டுவார், வெளியே வந்து என்னிடம் "என்ன சொன்னாங்க?" என்பார். ஆனால் மூலையில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு எஃகு டிரம் இருந்தது. சோறு அக்கா அதன் மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழிந்து தரையில் இறங்கியது. "மிச்சம் இருக்கிற செல்லை இதுலதான் உறைய வெச்சு வைப்போம். வருஷக்கணக்கா கெடாது" என்றாள். இவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "மைனஸ் எவ்வளவு?" என்று கேட்டார். அவள் சொன்னதும், "அடேயப்பா!" என்றார். அன்றைக்கு வீடு வந்து சேருகிறவரை அந்த டிரம் பேச்சுதான். அந்த ஆஸ்பத்திரி முழுவதிலும் அவருக்குப் புரிந்த ஒரே பொருள் அது.

ஏனென்றால் இவருக்கு வேலை குளிர்பதனக் கிடங்கில். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான். தடித்த கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பட்டைத் திரையை விலக்கி உள்ளே போய், மீன் பெட்டியும் காய்கறிப் பெட்டியும் அடுக்குகிற வேலை. மைனஸ் பதினெட்டு என்பது அவருக்கு வீட்டு விலாசம் மாதிரி. ஒரு தடவை நான் மிச்சத் தக்காளியை ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். கரைந்ததும் கூழாகிவிட்டது. அதற்கு எனக்கு ஒரு பாடமே எடுத்தார். "வேகமா உறைய வெச்சா சதை நிக்கும். நம்ம வீட்டு ஃப்ரீசர் மெதுவா உறைய வைக்கும். உள்ள இருக்கிற தண்ணி ஊசி ஊசியாக் கட்டி, சதையைக் குத்திக் கிழிச்சுடும். அதான் கூழாப்போச்சு." தக்காளிக்கு இவ்வளவா என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஷிஃப்ட் முடிந்து வந்தால் வெகுநேரத்துக்கு அவர் கை சில்லென்று இருக்கும். ரேடியோ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் அப்படியே தூக்கிவிட்டார். அவள் வீறிட்டு அழுததில் உதட்டுத் தையல் பிரிந்துவிடுமோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதிலிருந்து வழக்கம். வீட்டுக்குள் வந்ததும் நான் இஸ்திரி போட்டு வைத்த துணி அடுக்கின் நடுவில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நிற்பார். இல்லாவிட்டால் டீ கிளாஸைப் பிடித்துக்கொள்வார். எதுவும் இல்லாவிட்டால் உள்ளங்கையை ஊதி, சட்டையில் தேய்த்துத் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மகளைத் தொடுவார்.

முதலில் எடுத்த பல் வீணாய்ப் போனது. பல்லோடு ஏதோ பூஞ்சையும் சேர்ந்து போய், தட்டு முழுவதும் அதுதான் வளர்ந்ததாம். மற்ற பால் பற்களில் சில ஏற்கெனவே விழுந்துவிட்டன, சிலவற்றில் சொத்தைக்கு அடைத்திருந்தது. அடைத்த பல் ஆகாது. நல்லது என்று மிஞ்சியது இந்தக் கோரைப்பல் ஒன்றுதான். பூஞ்சை வந்த அறையைச் சுத்தம் செய்து முடித்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். "அதுவரைக்கும் பல் அவ வாயிலயே இருக்கட்டும், அதைவிட நல்ல பெட்டி கிடையாது" என்றார் டாக்டர். தப்பித் தவறி வீட்டில் விழுந்தால் கையால் தொடாமல் எடுத்துப் போடுவதற்கு ரோஸ் தண்ணீர் ஊற்றிய ஒரு குழாயைக் கொடுத்து, "ஃபிரிட்ஜுல வெச்சுட்டு உடனே எங்களுக்குப் போன் பண்ணுங்க" என்றார். அது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்றது. கதவைத் திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கும்.

அது விழுந்தது ஒரு சனிக்கிழமை. நான் கடையில் இருந்தேன். பள்ளி சீருடை சீசன், தலை நிமிர முடியாத வேலை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு மறந்துபோனேன். சாயங்காலம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அப்பாவும் மகளும் வாசலிலேயே நின்றார்கள். இருவர் முகத்திலும் பரிசு வாங்கின களை.

"அம்மா, விழுந்துடுச்சு! நான் ஒண்ணுமே பண்ணல. அப்பாதான் கிடங்குல பெட்டி தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி மாதிரி நடந்து காட்டினாரு. நான் சிரிச்சேன். விழுந்துடுச்சு. அப்பா கையாலயே தொடல. ஸ்பூனை சுடுதண்ணில போட்டு, அந்த ஸ்பூனால எடுத்து, டப்புனு குழாய்க்குள்ள போட்டு மூடிட்டாரு. சூப்பரா பண்ணாரும்மா."

"உனக்குப் போன் பண்ணேன், எடுக்கல" என்றார் இவர். "நேத்து டாக்டரு கூப்பிட்டப்ப ரூம் ரெடின்னு சொன்னாங்கல்ல. ஆஸ்பத்திரிக்கு நீயே பேசிக்கோ, திங்கக்கிழமை எடுத்துட்டுப் போயிடலாம். ஒண்ணும் கவலை இல்ல. பத்திரமா வெச்சுட்டேன்."

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். பால் பாக்கெட் பக்கத்தில் குழாய் இல்லை.

"அங்க இல்ல, மேல" என்றார். "இது பழைய ஃபிரிட்ஜு, கதவு சரியா மூடாது. ரெண்டு நாள் தாங்குமோ என்னவோனு ஃப்ரீசர்ல வெச்சேன். அவங்களே அதுலதானே வெக்கிறாங்க?"

ஃப்ரீசரைத் திறந்தேன். ஐஸ் தட்டு மேல் குழாய் படுத்திருந்தது. ரோஸ் தண்ணீர் வெளுத்து, உறைந்து, உப்பி, மூடியை லேசாகத் தூக்கியிருந்தது. அதன் நடுவில் பல் வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு எந்தப் படிப்பும் கிடையாது, ஆனால் அதைப் பார்த்ததும் அது சரியில்லை என்று தெரிந்துவிட்டது. சோறு அக்காவுக்குப் போன் செய்தேன். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். மூடி தூக்கியிருக்கிறதா என்று கேட்டாள். பிறகு, "இப்பவே கொண்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

பஸ்ஸில் குழாயை ரேடியோ மடியில் வைத்துக்கொண்டாள். "என் பிள்ளைங்க பஸ்ல போகுதுங்க" என்று பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொன்னாள். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

சோறு அக்கா முகத்துணி இல்லாமல் வந்தாள். எங்களைவிட எவ்வளவோ சின்னவள், கன்னத்தில் துணி அழுத்திய தடம். குழாயை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். யார் மீதும் கோபப்படத் தெரியாத குரலில் சொன்னாள்.

"நாங்களும் உறைய வைப்போம், சார். ஆனா அதுக்குன்னு ஒரு மருந்து கலந்துட்டுத்தான் வைப்போம். அந்த மருந்து இல்லாம வெச்சா, செல்லுக்குள்ள இருக்கிற தண்ணி..."

அவள் முடிக்கவில்லை. இவர் முடித்தார்.

"ஊசி கட்டிடும்."

"ஆமாம் சார்."

"தக்காளி மாதிரி" என்றார் இவர். அவளுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஃப்ரீசர் வேண்டாம்னு நாங்க சொல்லியிருக்கணும்" என்றாள் அவள். "நான் வளர்த்துப் பார்க்கிறேன். ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருந்தாலும் தட்டுல ஒட்டிக்கும். ஒட்டினா பெருக்கிடலாம்." ஆனால் அவள் ரேடியோவின் தலையைத் தடவிய விதத்திலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, ரேடியோ குளிக்கப் போனதும், நான் அவரைப் பார்த்துச் சொன்னேன். "உங்க குளிரைக் கொண்டுபோய் அந்தக் கிடங்கோட வெச்சுட்டு வந்திருக்கலாம். வீட்டுக்குள்ள யாரு கொண்டு வரச் சொன்னா?" கத்தக்கூட இல்லை. கத்துவதற்குத் தெம்பு வேண்டும். அவர் பதில் சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம், சண்டை போட்டால் அழுகையாவது வந்திருக்கும். அவர் சுவரோரம் கிடந்த என் தையல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார், எனக்குத் தெரியாதா? அவருக்குத் தெரிந்ததிலேயே நல்லதை எடுத்துச் செய்தார். அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அதற்குப் பிறகு அவர் ஃபிரிட்ஜைத் திறப்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பானையில் மொண்டு குடிப்பார். ஷிஃப்ட் முடிந்து வந்தால் துணி அடுக்கில் கையை விட்டுக்கொண்டு நிற்பார், நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். சூடு ஏறிய பிறகும் மகளைத் தொடமாட்டார். ரேடியோ அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து நாள் செய்தி முழுக்க வாசிப்பாள். "என் பிள்ளைங்களுக்கு இன்னைக்குச் சோறு போட்டிருப்பாங்களாப்பா?" என்று கேட்பாள். "போட்டிருப்பாங்க" என்பார்.

தட்டில் எதுவும் ஒட்டவில்லை. சோறு அக்கா எங்களை அழைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். முதலில் வேறு யாருடைய செல்லையோ காட்டினாள். மீன் குஞ்சு மாதிரி நீள நீளமாக, தரையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. பிறகு ரேடியோவுடைய தட்டு. உருண்டை உருண்டையாக, தூள் தூளாக, எதையும் பிடிக்காமல் மிதந்துகொண்டிருந்தன. ரேடியோ ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. வெளியே வந்ததும், "அப்போ இடுப்புதானா?" என்று என்னைக் கேட்டாள். அப்பாவைக் கேட்கவில்லை. அவர் வாக்குக் கொடுத்தவர் என்பதால் அவரைக் கேட்கக் கூடாது என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. அவள் அவரைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தபோதுதான், வராந்தாவில், மருந்து வாங்குகிற வரிசையில் நின்றுகொண்டு, எனக்கு அழுகை வந்தது.

பல் டாக்டர் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். இறங்குகிற பல் இன்னும் கீழே வந்துவிட்டது, இனித் தள்ளிப்போட முடியாது என்றார். இவர் அதுவரை டாக்டரிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்.

"என் இடுப்புல எடுத்து வெக்க முடியாதா, டாக்டர்?"

"அவளோடதுதான் அவளுக்கு நல்லாப் பிடிக்கும். உங்களோடதை உடம்பு ஏத்துக்காது."

"நான் அவ அப்பா, டாக்டர்."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "இருந்தாலும்" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை பகலில், கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பேண்டுக்கு முழங்காலில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோ பக்கத்தில் குந்தியிருந்தாள். கால்பக்க மடிப்பைப் பிரித்து, உள்ளே மடங்கியிருந்த துணியில் ஒரு துண்டு வெட்டினேன்.

"வேற துணி வெச்சுத் தைச்சா என்ன?" என்றாள்.

"சாயம் ஒத்துப்போகாது. துவைக்கத் துவைக்க ஒண்ணு சுருங்கும், ஒண்ணு சுருங்காது. அதே பேண்ட்ல எடுத்தாதான் சேரும்."

"எடுத்த இடத்துல ஓட்டையாயிடாதா?"

"உள்மடிப்புல எடுக்கிறேன்ல. மடிச்சுத் தைச்சுட்டா யாருக்கும் தெரியாது."

அவள் தன் இடுப்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். "பேண்டுக்கு வலிக்காது" என்றாள். ஊசியில் நூல் தீர்ந்துபோனதாகப் பாவனை செய்துகொண்டு எழுந்து போனேன். அன்றைக்கே அவளுடைய பாவாடைகளின் இடுப்புப் பட்டையை எல்லாம் பிரித்து, தையல் போடுகிற இடத்தில் உரசாதபடி மெல்லிய நாடா கோத்து வைத்தேன். இவர் எதிரில் உட்கார்ந்து, பிரித்த நூல்களைப் பொறுக்கி உருண்டையாக உருட்டிக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் அன்று காலையில் ரேடியோ பொம்மையை எடுத்துக்கொள்ளவில்லை. தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, "அப்பா, நீ டியூட்டிக்குப் போ. நின்னுட்டே இருந்தா உனக்குக் கால் வலிக்கும்" என்றாள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதை அவராகச் சொல்ல வேண்டியிராதபடி அவளே சொல்லிவிட்டாள். இவர் வண்டியோடு கதவு வரைக்கும் நடந்தார். கையை அவள் தலைக்கு மேலே கொண்டுபோய், தொடாமலே திருப்பி எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் அவளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். உதடு வீங்கி, மூக்கில் இரத்தம் காய்ந்து, முகமே வேறு மாதிரி இருந்தது. நல்லபடி முடிந்தது, எலும்பு பிடித்ததா என்று ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஆறு மாதம். நான் நாற்காலியில் சாய்ந்து செருப்பைக் கழற்றினேன். மயக்கம் தெளியத் தெளிய ரேடியோ முனகத் தொடங்கினாள். வாயைக் காட்டவில்லை. போர்வைக்கு மேலே இடதுபக்க இடுப்பைக் காட்டினாள். நர்ஸம்மா வந்து பார்த்து, "மருந்து போட்டாச்சு, இனி ஐஸ் வெச்சாதான் அடங்கும். ஐஸ் பை எல்லாம் அடுத்த வார்டுக்குப் போயிருக்கு, வந்ததும் தரேன்" என்று சொல்லிப் போனவர் போனவர்தான். நான் ஈரத்துணி வைத்தேன். அது உடனே வெதுவெதுப்பாகிவிட்டது. கண்ணீர் அவள் காதோரமாக வழிந்து தலையணைக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஜன்னலில் வெயில் சாய்கிற நேரத்துக்கு இவர் வந்தார். கிடங்கிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டை முழுக்க மீன் பெட்டி வாடை. கட்டில் பக்கம் வராமல் கதவோரம் நின்றுகொண்டு உள்ளங்கையை ஊதினார். சட்டையில் தேய்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். டீ கிளாஸ் இல்லை, துணி அடுக்கு இல்லை. மறுபடி ஊதினார். கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தார்.

ரேடியோ கண்ணைத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை அசைக்காமல், தொண்டைக்குள்ளிருந்து, ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத குரலில் கூப்பிட்டாள்.

"ப்பா."

அவர் கிட்டே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"கை."

"இருடா. இன்னும் சில்லுனு இருக்கு."

"தேய்க்காத. குடு."

அவர் என்னைப் பார்த்தார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்து, போர்வைக்குள்ளே கொண்டுபோய், கட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவள் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. பிறகு நெற்றியில் இருந்த சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. அவர் குனிந்தபடியே நின்றார், முதுகு வலிக்குமே என்று நிமிரக்கூட இல்லை. நான் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"சூடாயிடுச்சு" என்றாள். "இன்னொரு கை."

அவர் ஒரு கையை எடுத்துக்கொண்டு மறு கையை உள்ளே வைத்தார். எடுத்த கையை, ஆறட்டும் என்று, கட்டிலின் இரும்புக் கம்பியைச் சுற்றி இறுக்கப் பிடித்துக்கொண்டார்.